மதிப்பெண் என்னும் சான்று

பங்குத்தந்தை என்னும் பொறுப்போடு பள்ளித் தாளாளர் என்னும் பொறுப்பையும் சேர்த்துச் சுமப்பது நம் குருக்கள் பலருக்கும் வாய்க்கின்ற ஒன்று. காலையில் திருப்பலி, பத்து மணிக்குப் பள்ளிக் கட்டடத்தின் உறுதிச் சான்றிதழுக்காக அலுவலகங்களில் காத்திருப்பு, மாலையில் நோயாளரைச் சந்தித்தல், இரவில் ஆசிரியர்களின் பணிப்பதிவேடுகள். குருமடத்தில் அறநெறி இறையியல் பயின்ற நாள்களில் பொய்யைப் பற்றியும் நீதியைப் பற்றியும் பல தேர்வுகளை எழுதினோம். அவற்றில் ஒன்றிலேனும் பியூரெட் என்னும் கண்ணாடிக் குழாய் வந்ததில்லை. வந்திருந்தால், ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன் நான் செய்த ஒரு பிழையைச் செய்யாமல் இருந்திருப்பேனோ என்னவோ!

அன்று நான் பொறுப்பேற்றிருந்த மேனிலைப் பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்பு வேதியியல் செய்முறைத் தேர்வு நடந்தது. பிப்ரவரி மாதம். பொட்டாசியம் பெர்மாங்கனேட் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டு, கூம்புக் குடுவையில் உள்ள கரைசல் வெளிர் இளஞ்சிவப்பாக மாறி நிலைக்கும் கணத்தில் குழாயை மூடி, அளவைக் குறிக்க வேண்டும். பியூரெட்டில் ஒரு மில்லிலிட்டரின் பத்தில் ஒரு பங்குவரை கோடிட்டிருக்கும். ஒரு சொட்டு என்பது அதிலும் பாதியளவே. கண்ணும் கையும் பொறுமையும் ஒன்றுசேர வேண்டிய வேலை அது.

ஆனால் தேர்வு தொடங்கிய அரை மணி நேரத்தில் ஆய்வகத்தில் ஒரு செய்தி பரவிவிட்டது. சரியான அளவு இன்னது என்று ஒருவர் மற்றவர் காதில் சொல்ல, வரிசை முழுவதும் அந்த எண் சென்று சேர்ந்தது. அதை யார் தொடங்கி வைத்தார் என்று நான் கேட்கவில்லை. கேட்கத் தேவையில்லை என்பதே அந்நாளைய வழக்கம். எல்லாரும் அந்த எண்ணையே எழுதினர், ஒரு மாணவியைத் தவிர.

அவள் பீடி சுற்றும் தாயின் மகள். வகுப்பில் முதல் வரிசையில் நிற்பவள் அல்லள்; நடுத்தரம். காதில் விழுந்த எண்ணை அவளும் அறிவாள். ஆனால் அவளுடைய பியூரெட் 20.9 என்று காட்டியது. நிறம் ஐயமின்றித் தெரியட்டும் என்று எண்ணி, தேவைக்கு மேல் சில சொட்டுகளை விட்டிருக்கிறாள். மூன்று முறையும் அப்படியே. ஆகவே மூன்று முறையும் ஒரே அளவு. மூன்று முறையும் தவறான அளவு. அதையே விடைத்தாளில் எழுதிவிட்டு வெளியே வந்துவிட்டாள்.

அன்று பிற்பகல் வேதியியல் ஆசிரியர் என் அறைக்கு வந்தார். ஓய்வு பெற இரண்டு ஆண்டுகளே இருந்த முதியவர். நின்றுகொண்டே பேசினார்: “சாமி, மற்றப் பிள்ளைகளுக்கெல்லாம் முழு மதிப்பெண் போட்டாயிற்று. இந்தப் பிள்ளை தானாகச் செய்து பிழையாக எழுதியிருக்கிறது. விதிப்படி குறைக்க வேண்டும். குறைத்தால், பார்த்து எழுதியவர்களுக்கு அதிகம், பாராமல் எழுதியவளுக்குக் குறைவு என்று ஆகிறது. என் மனம் கேட்கவில்லை. நீங்கள் சொன்னபடி செய்கிறேன்.”

நான் நெடுநேரம் சிந்திக்கவில்லை. “ஏழைப் பிள்ளை. எல்லாருக்கும் போட்டதுபோல் அவளுக்கும் போட்டுவிடுங்கள்” என்றேன். மதிய உணவை நம் வளாகத்திலேயே அருந்தியிருந்த புறத்தேர்வாளரும் மனமிசைந்தார். இரக்கச் செயல் ஒன்று செய்த நிறைவோடு மாலைச் செபத்துக்குச் சென்றேன்.

மே மாதத்தில் முடிவுகள் வந்தன. மதிப்பெண் பட்டியலைப் பெற வந்த அந்த மாணவி, செய்முறைக்கு உரிய 50இல் 50 என்று இருந்ததைக் கண்டு என்னிடம் வந்தாள். நன்றி சொல்ல வந்திருக்கிறாள் என்று எண்ணினேன். அவளோ, “சாமி, நான் எழுதியது தப்பு என்று சார் அன்றைக்கே சொன்னாரே. பிறகு எப்படி முழு மதிப்பெண்?” என்றாள். நான் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிச் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. சற்று நேரம் கழித்து, “அப்படியென்றால் நானே செய்து எழுதியது எதற்கு சாமி?” என்று மட்டும் கேட்டாள்.

அந்தக் கேள்விக்கு அன்று என்னிடம் விடை இல்லை. இக்கட்டுரை அந்த விடையைத் தேடும் முயற்சியே.

மதிப்பெண் என்பது யாது?

மதிப்பெண்ணை நாம் பரிசு என்று எண்ணுகிறோம். சில வேளைகளில் தண்டனை என்று எண்ணுகிறோம். ஏழைக்குக் கொடுக்கும் உதவி என்றும் எண்ணுகிறோம். உண்மையில் அது இவை மூன்றும் அன்று. அது ஒரு சான்று. ‘இந்த மாணவர் இந்தச் செயலை இந்த அளவுக்குச் செய்தார், நான் கண்டேன்’ என்று ஓர் ஆசிரியர், தம்மை நேரில் அறியாத மூன்றாம் ஒருவருக்குக் கையொப்பமிட்டுக் கொடுக்கும் வாக்குமூலம். அதை வாசிப்பவர் கல்லூரித் தேர்வுக் குழுவினராக இருக்கலாம். வேலை கொடுப்பவராக இருக்கலாம். அனைவரிலும் முதன்மையாக, அந்த மாணவரே அதை வாசிக்கிறார். தம் திறமை எவ்வளவு என்பதை அவர் அந்த எண்ணிலிருந்தே அறிந்துகொள்கிறார்.

பங்கு அலுவலகத்தில் திருமுழுக்குப் பதிவேடு இருக்கிறது. திருமணத்துக்கு அகவை நிறையவில்லை என்பதற்காக, அந்தப் பதிவேட்டில் ஓர் ஆண்டை மட்டும் மாற்றித் தருமாறு கண்ணீரோடு கெஞ்சிய பெற்றோரை நான் கண்டிருக்கிறேன். அவர்களுடைய வறுமையும் அச்சமும் உண்மையானவை. ஆயினும் நான் ஒருமுறையும் மாற்றியதில்லை. ‘இது என் புத்தகம் அன்று, சாட்சியின் புத்தகம்’ என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன். அதே கையால், அதே மனத்தோடு, மற்றொரு பதிவேட்டில் நடவாததை நடந்ததாக எழுதச் சொன்னேன். ஒன்று பாவமாகத் தோன்றியது. மற்றொன்று புண்ணியமாகத் தோன்றியது. எட்டாம் கட்டளை இரண்டு பதிவேடுகளுக்கும் பொது என்பது எனக்கு உறைக்கவில்லை.

இரக்கத்தின் வாதம்

எனினும் மறுதரப்பின் வாதத்தை எளிதாகத் தள்ளிவிடலாகாது. அந்த ஆசிரியர் தீயவர் அல்லர். அவரைப்போல் செய்யும் ஆயிரக்கணக்கானோரும் தீயவர் அல்லர்.

அந்நாளில் நம் மாநிலத்து மேனிலைத் தேர்வில் இயற்பியல், வேதியியல் போன்ற பாடங்களுக்கு 200 மதிப்பெண். எழுத்துத் தேர்வுக்கு 150, செய்முறைக்கு 50. ஆறு பாடங்களுக்கும் சேர்த்து 1200. பின்னர் 2017-18ஆம் கல்வியாண்டில் தொடங்கிய மாற்றத்தால் ஒவ்வொரு பாடமும் 100 ஆயிற்று. அறிவியல் பாடங்களில் எழுத்துக்கு 70, செய்முறைக்கு 20, அகமதிப்பீட்டுக்கு 10. எண்கள் மாறினவேயன்றிச் சிக்கல் மாறவில்லை. எழுத்துத் தேர்வின் விடைத்தாள் வேறோர் ஊரில் திருத்தப்படுகிறது. செய்முறை மதிப்பெண் ஒன்றே பள்ளியின் கைக்கு எட்டும் தொலைவில் இருப்பது. பொறியியல் சேர்க்கைக்குக் கணக்குப் பாடம் நூறாகவும், இயற்பியலும் வேதியியலும் ஐம்பது ஐம்பதாகவும் கொண்டு 200க்குக் கணக்கிடுகிறார்கள். அந்தக் கணக்கில் அரை மதிப்பெண் குறைந்தாலும் வரிசையில் எத்தனையோ பேர் முந்திச் சென்றுவிடுவர்.

இந்நிலையில் அயலில் உள்ள பள்ளிகள் யாவும் முழு மதிப்பெண் போடும்போது, நம் ஆசிரியர் ஒருவர் மட்டும் தராசைச் சரியாகப் பிடித்தால் யாருக்குக் கேடு? அவருக்கு அன்று, அவருடைய மாணவருக்கே. தம் நேர்மையின் விலையைப் பிறர் பிள்ளை கொடுக்கும்படி செய்வது நேர்மை ஆகுமா? இது வலிமையான கேள்வி. இதைக் கேட்பவரை நோக்கி ‘சட்டம் சட்டமே’ என்று சொல்பவர், வகுப்பறையில் நின்றிராதவராகவே இருக்க வேண்டும்.

ஆனால் இந்த வாதத்தின் உள்ளே ஒரு பழுது இருக்கிறது. எல்லாப் பள்ளியும் எல்லாருக்கும் முழு மதிப்பெண் கொடுத்தால், அந்த மதிப்பெண்ணால் ஒருவருக்கும் நன்மை இல்லை. எல்லாரும் ஓரடி உயரமான பலகையின்மேல் ஏறி நின்றால் எவரும் உயர்ந்தவர் ஆவதில்லை. நன்மை போய்விடுகிறது, பொய் மட்டும் எஞ்சுகிறது. அதோடு ஓர் இழப்பும் சேர்கிறது. ஆய்வகத்தில் எதையும் செய்யாமலே முழு எண் கிடைக்கும் என்றானபின், அந்த ஆய்வகம் திறக்கப்படுவதே அரிதாகிறது. ஏழைப் பிள்ளைக்கு நாம் எண்ணைக் கொடுத்துவிட்டுக் கல்வியை எடுத்துக்கொள்கிறோம். வசதியுள்ள வீட்டுப் பிள்ளை அந்தக் கல்வியை வேறிடத்தில் விலை கொடுத்தேனும் பெற்றுவிடும். பீடி சுற்றுபவரின் மகளுக்குப் பள்ளி ஆய்வகத்தைத் தவிர வேறு ஆய்வகம் எது?

திராட்சைத் தோட்டத்து உரிமையாளர்

மறையுரைகளில் நான் பலமுறை விளக்கிய உவமை ஒன்று என் செயலுக்குத் துணை நிற்பதாக முதலில் எண்ணினேன். விடியலில் வந்தவருக்கும் மாலையில் வந்தவருக்கும் ஒரே கூலி கொடுத்த திராட்சைத் தோட்ட உரிமையாளரின் கதை. உழைப்பின் அளவைப் பாராமல் தேவையின் அளவைப் பார்த்தவர் அவர். அவரைப்போல் நானும் எல்லாருக்கும் ஒன்றாகக் கொடுக்கச் சொன்னேன் அல்லவா?

அல்ல. தூய தோமா அக்குவினார் தம் இறையியல் தொகுப்பில், ஆள் பார்த்து நடத்தல் என்னும் குற்றத்தை ஆராயும் இடத்தில் இந்த உவமையையே எடுத்துக்கொள்கிறார். கொடுத்தல் இரு வகை என்பது அவர் கருத்து. ஒன்று நீதியின்படி உரியவருக்கு உரியதைக் கொடுப்பது. மற்றொன்று தன்னுடையதைத் தாராளமாக வழங்குவது. இரண்டாவதில் ஒருவருக்குக் கூடுதலாகக் கொடுத்தாலும் அநீதி இல்லை. தோட்ட உரிமையாளர் கொடுத்தது தம் சொந்தப் பணத்தை. ஆசிரியர் கையில் இருக்கும் மதிப்பெண்ணோ அவருடைய சொந்தப் பணம் அன்று. அது பொதுச் சொத்து. அதிலிருந்து அள்ளிக் கொடுப்பவர் தாராளமானவர் அல்லர். பிறர் பணப்பையிலிருந்து பிச்சையிடுபவர்.

இரக்கம் நீதியை அழிப்பதில்லை, நிறைவாக்குகிறது என்பதும் அக்குவினாரின் கருத்தே. கடன்பட்டவனுக்கு என் பங்கை விட்டுக்கொடுக்கலாம். கணக்கேட்டில் அவன் கடன் வாங்கவே இல்லை என்று எழுதுவது இரக்கம் ஆகாது. அப்படியானால் ஆசிரியருடைய சொந்தப் பணம் எது? எதை அவர் கணக்கின்றி வழங்கலாம்? அவருடைய நேரம், பொறுமை, மீண்டும் ஒருமுறை சொல்லிக் கொடுத்தல், பாராட்டு, நம்பிக்கை. இவற்றில் எவ்வளவு அள்ளிக் கொடுத்தாலும் யாருக்கும் அநீதி இல்லை. நாமோ, கொடுக்க வேண்டியதைச் சுருக்கிக்கொண்டு, கொடுக்க உரிமையில்லாததை அள்ளி வீசுகிறோம். முன்னது உழைப்பைக் கேட்கிறது. பின்னது ஒரு பேனா அசைவோடு முடிந்துவிடுகிறது என்பதே காரணம்.

எதிர்பார்க்கும் எண்

இதில் அறிவியலுக்கே உரிய மற்றொரு கேடும் உண்டு. எலக்ட்ரானின் மின்னூட்டத்தை எண்ணெய்த் துளிகளைக் கொண்டு அளந்த அமெரிக்க அறிஞர் ராபர்ட் மில்லிகன் 1923ஆம் ஆண்டு நோபல் பரிசு பெற்றவர். 1913இல் வெளியிட்ட கட்டுரையில், 58 துளிகளின் அளவுகளைக் கொடுத்து, தொடர்ந்து 60 நாள்களில் ஆய்ந்த துளிகள் யாவும் இவையே என்ற பொருளில் எழுதினார். பிற்காலத்தில் அவருடைய ஆய்வகக் குறிப்பேடுகளை வரலாற்றாய்வாளர் ஜெரால்டு ஹோல்டன் ஆராய்ந்து 1978இல் எழுதியபோது, கட்டுரையில் இடம்பெறாத துளிகள் பல அவற்றில் இருந்தது தெரியவந்தது. அவற்றை ஒதுக்கியதற்குத் தக்க காரணங்கள் இருந்தன என்று அவர் சார்பில் வாதிடுவோர் உண்டு. ஆனால் எல்லாவற்றையும் தந்துவிட்டதாகச் சொன்ன அந்தச் சொல் உண்மையாக இல்லை.

கதை அதோடு முடியவில்லை. காற்றின் பாகுநிலைக்கு அவர் எடுத்துக்கொண்ட மதிப்பு சற்றுப் பிழையாக இருந்ததால், அவர் கண்ட விடையும் சற்றுக் குறைவாகவே இருந்தது. இயற்பியல் அறிஞர் ரிச்சர்டு ஃபைன்மன் 1974இல் கலிஃபோர்னியாவில் மாணவருக்கு ஆற்றிய பட்டமளிப்பு உரையில் இதைக் குறிப்பிட்டார். பின்வந்தவர்கள் தங்கள் ஆய்வில் கூடுதலான எண் வந்தபோது, எங்கோ தவறு செய்துவிட்டோம் என்று அஞ்சிக் காரணம் தேடினர். மில்லிகனின் எண்ணுக்கு அருகில் வந்தபோதோ அவ்வளவு தேடவில்லை. ஆகவே சரியான எண்ணை அவர்கள் சிறிது சிறிதாகவே வந்தடைந்தனர் என்றார் அவர்.

நம் ஆய்வகத்தில் காதோடு காதாகச் சென்ற எண்ணுக்கும் இதற்கும் வேறுபாடு அளவில்தான். பெரியோர் எதிர்பார்ப்பதைக் கண்டதாகச் சொல்லப் பழகிய கண், கடைசியில் எதையும் காண்பதில்லை. இன்று பியூரெட்டில் பழகியது நாளை மருந்தகத்தில், பாலத்தின் கான்கிரீட்டில், குடிநீர்ச் சோதனைச் சாலையில் தொடரும். படைப்புப் பொருள்கள் தமக்கே உரிய உண்மையும் ஒழுங்கும் உடையன என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் ‘இன்றைய உலகில் திருச்சபை’ என்னும் ஏட்டில் 1965இல் கற்பித்தது. பணிவோடும் உறுதியோடும் அவற்றை ஆராய்பவர், தாம் அறியாமலேயே இறைவனின் கையால் வழிநடத்தப்படுகிறார் என்பதும் அங்குக் கூறப்படுகிறது. அப்படிப் பார்த்தால், அன்று அந்த ஆய்வகத்தில் அறிவியல் செய்தவள் ஒருத்தியே. அவள் பிழையாகச் செய்தாள், ஆனால் செய்தாள். பிழையைத் திருத்தலாம். செய்யாததைத் திருத்த வழி இல்லை.

தாழ்ந்த எதிர்பார்ப்பு

ஆசிரியரின் எதிர்பார்ப்பு பிள்ளையின்மேல் வேலை செய்கிறது என்பதைப் பற்றி ராபர்ட் ரோசன்தால், லெனோர் ஜேக்கப்சன் என்னும் இருவர் 1968இல் ஒரு நூல் வெளியிட்டனர். அமெரிக்கத் தொடக்கப்பள்ளி ஒன்றில், ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்குப் பிள்ளைகளைக் குறிப்பிட்டு, இவர்கள் இவ்வாண்டு சிறப்பாக மலர்வார்கள் என்று ஆசிரியர்களிடம் சொன்னார்கள். உண்மையில் அந்தப் பெயர்கள் குலுக்கலில் எடுத்தவைபோல் தற்செயலாகத் தேர்ந்தவை. ஆண்டிறுதியில் சிறு வகுப்புகளில் அப்பிள்ளைகள் பிறரைவிடக் கூடுதலாக முன்னேறியிருந்தனர் என்று அவர்கள் எழுதினர். அந்த விளைவு அவர்கள் சொன்ன அளவுக்குப் பெரிதன்று என்று மறுத்தோரும் பலர். ஆயினும் பிள்ளையிடம் நாம் என்ன எதிர்பார்க்கிறோம் என்பதைப் பிள்ளை மோப்பம் பிடித்துவிடும் என்பதை எந்தத் தாயும் மறுக்கமாட்டாள்.

கேளாமலே போட்ட முழு மதிப்பெண் என்ன சொல்கிறது? ‘உன்னால் இது ஆகாது, நீ முயல்வதில் பொருள் இல்லை, நாங்களே பார்த்துக்கொள்கிறோம்’ என்று சொல்கிறது. அது அன்பின் உடையணிந்த அவநம்பிக்கை. அதைத்தான் அந்த மாணவி உணர்ந்தாள். நான் அவளுக்கு இரக்கம் காட்டியதாக எண்ணினேன். அவள் செய்த ஒரே நேர்மையான செயலைத் துடைத்தெடுத்து, பார்த்து எழுதியவர்களோடு அவளையும் சேர்த்துவிட்டேன். அவள் பெற வேண்டியது என் இரக்கம் அன்று. ‘நீ எழுதியது பிழை, நீ செய்தது சரி’ என்ற ஒரு சொல்லே அவள் பெற வேண்டியது.

தாலந்து உவமையில் ஐந்து தாலந்து பெற்றவனும் இரண்டு தாலந்து பெற்றவனும் ஒரே பாராட்டைப் பெறுகிறார்கள். ஆனால் இரண்டைப் பெருக்கியவனிடம் தலைவர் ‘நீயும் ஐந்தைப் பெருக்கினாய்’ என்று சொல்லவில்லை. கணக்கு கணக்காக நின்றது; பாராட்டு முழுமையாக வந்தது. ஆசிரியர் செய்ய வேண்டியதும் இதுவே அன்றோ?

எஞ்சியது

அடுத்த ஆண்டு அந்த முதிய ஆசிரியரிடம் என் பிழையைச் சொன்னேன். அவர் நெடுநேரம் பேசாதிருந்து, “சாமி, அறுபது பிள்ளைகளுக்குப் பன்னிரண்டு பியூரெட். அதில் நான்கு ஒழுகுகிறது. நேர்மையாக நடத்த வேண்டுமென்றால் முதலில் அதை மாற்றுங்கள்” என்றார். அந்தச் சொல் என்மேல் விழுந்த நியாயமான அடி. நீதி போதிக்க வந்தவன், அதற்கு வேண்டிய கண்ணாடிக் குழாயை வாங்கித் தராதவன். அவ்வாண்டுத் திருவிழாவில் வாண வேடிக்கையைக் குறைத்துப் பியூரெட்டும் பிப்பெட்டும் வாங்கினோம். சனிக்கிழமைதோறும் ஆய்வகம் திறந்திருந்தது. பிழை செய்த பிள்ளை, அளவை மாற்றாமல், செய்முறையை மீண்டும் செய்தது. மதிப்பெண் திட்டத்தில் செய்முறைக்கும் கணக்கீட்டுக்கும் விடைக்கும் தனித்தனியே இடம் உண்டு. விடை பிழைத்தாலும் செய்ததற்கு உரியதைப் பொய்யின்றிக் கொடுக்கலாம் என்பதையும் ஆசிரியர் எனக்குக் காட்டினார். அவ்வாண்டுத் தேர்வில் எந்த எண்ணும் காதில் சொல்லப்படவில்லை. இருவருக்கு மதிப்பெண் குறைந்தது. ஒரு தகப்பனார் என் அறைக்கு வந்து, “அடுத்த பள்ளியில் எல்லாருக்கும் முழுசாகப் போட்டிருக்கிறார்களே சாமி, என் பிள்ளை என்ன பாவம் செய்தான்?” என்று கேட்டார். அவருக்கு நான் சொன்ன விடை அவரை நிறைவுபடுத்தவில்லை. என்னையும் முழுமையாக நிறைவுபடுத்தவில்லை. ஊரெல்லாம் கோணலாக இருக்கும்போது நேரான தராசு யாரையாவது நோகச் செய்யும். அந்த நோவை ஆசிரியர் ஒருவர்மேலோ பிள்ளை ஒன்றன்மேலோ சுமத்தாமல், பள்ளிகளும் பெற்றோரும் சேர்ந்து சுமந்தால்தான் அது தாங்கத்தக்கதாகும்.

அன்பார்ந்த பெற்றோரே, ஆசிரியப் பெருமக்களே, 2017ஆம் ஆண்டிலிருந்து பொதுத் தேர்வில் மாநில அளவில் முதல் இடம், இரண்டாம் இடம் என்று அறிவிக்கும் வழக்கம் நின்றுவிட்டது. ஆனால் நம் வீடுகளில் அது நிற்கவில்லை. இனிப் பிள்ளை பட்டியலோடு வரும்போது ‘எவ்வளவு?’ என்று கேட்குமுன், ‘இதில் நீயே செய்தது எது?’ என்று கேட்டுப் பாருங்கள். விடை சிறிய எண்ணாக இருக்கலாம். அது மெய்யாக இருந்தால், அதன்மேல் வீடு கட்டலாம்.

அன்று அறுபது பிள்ளைகளும் எழுதிய சரியான அளவு எது என்பது எனக்கு மறந்துவிட்டது. ஒருத்தி எழுதிய தவறான அளவு மட்டும் இன்றும் நினைவில் நிற்கிறது: 20.9.